கியாஸும் தஜ்ரிபாவும்: கண்புரைச் சிகிச்சை சான்று தேடிய வரலாறு

மருந்துகளின் ஆற்றலை அறிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு என்று அபூ அலீ இப்னு ஸீனா (இறப்பு: ஹிஜ்ரி 428, கி.பி. 1037) தம்முடைய ‘அல்-கானூன் ஃபித் திப்’ எனும் பெருநூலின் இரண்டாம் பாகத்தில் வகுத்துரைக்கிறார். ஒன்று கியாஸ், மற்றொன்று தஜ்ரிபா. ஃபிக்ஹுக் கலை பயின்றோருக்குக் கியாஸ் என்பது நன்கு பழகிய சொல். மருத்துவத்தில் அதற்குரிய பொருள், ஒரு பொருளின் தன்மையைக் கொண்டு அதன் விளைவை அறிவால் அனுமானித்தல் என்பதாகும். தஜ்ரிபா என்பதோ நோயாளியிடம் கையாண்டு, விளைவைக் கண்டு தெளிதல். அதற்கு இப்னு ஸீனா நிபந்தனைகள் சிலவும் விதிக்கிறார். பல நோய்கள் கலந்திருக்கும் உடலில் அல்லாமல் ஒரே நோயுடைய உடலில் மருந்து சோதிக்கப்பட வேண்டும். விளைவு ஒருமுறை மட்டும் தோன்றி மறையாமல் எப்போதுமோ பெரும்பாலுமோ தோன்ற வேண்டும். சோதனை மனித உடலிலேயே நிகழ வேண்டும் என்பன அவற்றுட் சில.

இந்த இரு வழிகளுக்கும் இடையிலான உறவை விளக்க இன்றைய மருத்துவத்தில் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு எது என்று கேட்டால், கண்புரை அறுவையும் அதன்பின் கண்ணுக்குள் பொருத்தப்படும் செயற்கை வில்லையும்தான் என்று கூறலாம். நம் குடும்பங்களில் பாட்டனாரோ பாட்டியாரோ இந்தச் சிகிச்சையைப் பெறாத வீடு அரிது. அரை மணிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும் இவ்வறுவை இன்றைய வடிவத்தை எவ்வாறு அடைந்தது, அது நன்மை பயக்கிறது என்பதை மருத்துவ உலகம் எவ்வாறு உறுதி செய்துகொண்டது, ஏழைக்கு ஒரு சிகிச்சை, செல்வருக்கு ஒரு சிகிச்சை என்றிருந்த நிலையைச் சான்று எவ்வாறு மாற்றியது ஆகியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரை என்பது யாது?

கண்மணிக்குப் பின்னால் மெல்லிய உறையொன்றினுள் ஒளி ஊடுருவும் இயற்கை வில்லை ஒன்று அமைந்துள்ளது. உள்ளே நுழையும் ஒளியை விழித்திரையின் மீது குவிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. நீரும் புரதமும் கொண்டு ஆன அவ்வில்லையின் புரதங்கள் முதுமையில் ஒன்றோடொன்று திரண்டு, தெளிவை இழக்கின்றன. தெளிந்த கண்ணாடி பனி படர்ந்த கண்ணாடியாக மாறுவது போன்ற நிலை அது. நீரிழிவு, புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்துகளின் நெடுநாள் பயன்பாடு, கண்ணில் பட்ட அடி ஆகியவை இம்மாற்றத்தை விரைவுபடுத்தும். இதைக் கரைத்துப் போக்கும் சொட்டு மருந்து எதுவும் இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. அறுவை ஒன்றே வழி.

2020ஆம் ஆண்டு நிலவரப்படி, உலகில் 50 வயதைக் கடந்தவர்களுள் 3 கோடியே 36 இலட்சம் பேர் பார்வையற்றவர்கள் என்றும், அவர்களுள் 1 கோடியே 52 இலட்சம் பேரின் பார்வையிழப்புக்குக் கண்புரையே காரணம் என்றும் உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறியது. தீர்வு கைவசம் இருந்தும் இத்தனை பேர் இருளில் இருக்கின்றனர் என்பதே இப்பொருளின் கனத்தை உணர்த்தப் போதுமானது.

இறங்கிய நீர்

பண்டைய மருத்துவர்கள் புரையை வில்லையின் நோய் என்று அறிந்திருக்கவில்லை. மூளையிலிருந்து கெட்ட நீர் இறங்கி, கண்மணிக்கும் வில்லைக்கும் இடையே உறைந்து நிற்கிறது என்பது கிரேக்கர் வழிவந்த கருத்து. இதனால்தான் அரபு மருத்துவ நூல்கள் இந்நோயை ‘அல்-மாஉந் நாஸில்’, அதாவது ‘இறங்கும் நீர்’ என்று அழைத்தன. பதினோராம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் என்பார் அரபு மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தபோது, கொட்டும் அருவியைக் குறிக்கும் ‘கேட்டரக்டா’ என்ற சொல் இதற்கு வழங்கலாயிற்று. ஐரோப்பிய மொழிகளில் இன்றும் நிலைபெற்றுள்ள பெயர், அவ்வாறு அரபு வழியே வந்ததாகும்.

அக்காலச் சிகிச்சைக்கு அரபியில் ‘கத்ஹ்’ என்று பெயர். ஊசியொன்றைக் கண்ணின் பக்கவாட்டில் செலுத்தி, மங்கிய பொருளைக் கண்மணியின் வழியிலிருந்து கீழே தள்ளிவிடுவதே அம்முறை. இந்தியாவில் சுச்ருத சங்கிதையும் இத்தகைய ஊசி முறையை விவரிக்கிறது. ‘கஹ்ஹால்’ எனப்பட்ட கண் மருத்துவர்கள் இஸ்லாமிய உலகில் தனித் துறையினராக விளங்கினர். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண் பற்றிப் பத்து நிருபங்கள் எழுதினார். பக்தாதில் அலீ இப்னு ஈஸா ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ எனும் கையேட்டைத் தொகுத்தார். மவ்ஸில் நகரில் பிறந்து, பல நாடுகள் சுற்றி, பாத்திமிய்யக் கலீஃபா அல்-ஹாகிமின் ஆட்சியில் (கி.பி. 996-1021) எகிப்தில் வாழ்ந்த அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலீ ஒரு படி மேலே சென்றார். புரையைக் கீழே தள்ளாமல், உள்துளையுள்ள உலோக ஊசியால் அதனை உறிஞ்சி எடுக்கும் முறையை அவர் ‘கிதாபுல் முன்தகப்’ எனும் நூலில் விவரித்தார். தாம் அறுவை செய்த நோயாளிகள் சிலரின் வரலாற்றையும் அந்நூலில் பதிவு செய்தார். மென்மையான புரைக்கே ஏற்றதாயினும், மங்கியதைக் கண்ணை விட்டே அகற்ற வேண்டும் என்ற எண்ணம் அதில் அடங்கியிருந்தது.

சோதனை முறையைப் பொறுத்தவரை, அபூபக்ர் அர்-ராஸீ (இறப்பு: ஹிஜ்ரி 313, கி.பி. 925) ‘அல்-ஹாவீ’யில் விட்டுச் சென்ற குறிப்பு ஒன்று எண்ணத்தக்கது. ‘ஸிர்ஸாம்’ எனும் மூளைக் காய்ச்சலுக்கான அறிகுறிகள் தோன்றியவர்களுள் ஒரு சாராருக்குக் குருதி வாங்கியதாகவும், முடிவை அறியும் பொருட்டே மற்றொரு சாராரை அவ்வாறு செய்யாமல் விட்டுவைத்ததாகவும் அவர் எழுதுகிறார். குருதி வாங்குதல் இன்று ஏற்கப்படாத சிகிச்சை. எனினும் ஒரு சிகிச்சையின் பயனை அறிய அதைப் பெறாதவரோடு ஒப்பிட வேண்டும் என்ற கருத்து அங்கே முளைவிட்டிருப்பதைக் காண்கிறோம்.

புரை என்பது இறங்கிய நீரன்று, மங்கிப்போன வில்லையே என்ற உண்மை பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டு மருத்துவர்களால் நிலைநாட்டப்பட்டது. 1747இல் ழாக் தவியேல் என்ற பிரெஞ்சு மருத்துவர் கருவிழியின் ஓரத்தை வெட்டித் திறந்து, வில்லையையே வெளியே எடுத்தார். நவீனப் புரை அறுவையின் தொடக்கம் அதுவே.

ஆனால் வில்லையை எடுத்த கண்ணுக்குக் குவிக்கும் ஆற்றல் போய்விடுகிறது. அதை ஈடு செய்ய ஏறத்தாழ 10 டையாப்டர் ஆற்றலுள்ள தடித்த கண்ணாடி வேண்டும். மக்கள் ‘சோடாபுட்டிக் கண்ணாடி’ என்று அழைத்தது இதனையே. அது பொருள்களை நான்கில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டும்; நேர்க்கோடுகளை வளைக்கும்; பார்வைப் பரப்பில் வளையம் போன்ற குருட்டுப் பகுதியொன்றை உண்டாக்கும். பக்கவாட்டில் வரும் மனிதர் சற்று மறைந்து, பின் திடீரென எதிரே தோன்றுவார். ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால் இரு கண்களின் உருவங்களும் ஒன்று சேரா. கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ அம்மனிதர் மீண்டும் பார்வையற்றவரே.

ரிட்லியின் கியாஸ்

எடுத்த வில்லைக்குப் பதிலாகக் கண்ணுக்குள்ளேயே வேறொரு வில்லையை ஏன் வைக்கக் கூடாது? வினா எளிது. கண் ஓர் அயற்பொருளைப் பொறுத்துக்கொள்ளுமா என்பதே தடையாக நின்றது. கண்ணுக்குள் புகுந்த எப்பொருளும் அழற்சியை உண்டாக்கிக் கண்ணைக் கெடுக்கும் என்றே மருத்துவர் அனைவரும் கற்பிக்கப்பட்டிருந்தனர்.

இலண்டன் கண் மருத்துவர் ஹரால்டு ரிட்லி (1906-2001) இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானிகளின் கண் காயங்களைக் கவனித்தவர். 1940 ஆகஸ்டில் கோர்டன் கிளீவர் என்ற விமானியின் விமானத்தைக் குண்டு தாக்கியது. விமான முகப்பின் ‘பெர்ஸ்பெக்ஸ்’ எனும் அக்ரிலிக் நெகிழிச் சில்லுகள் அவருடைய கண்களுக்குள் பாய்ந்தன. அச்சில்லுகள் ஆண்டுக்கணக்கில் உள்ளே தங்கியும், கூர்முனை படாத இடங்களில் அழற்சி எதனையும் உண்டாக்காததை ரிட்லி கண்டார். ‘எடுத்த வில்லைக்குப் பதிலாக மற்றொன்றை வைப்பதில்லையா?’ என்ற கருத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவும் அவரைத் தூண்டியது. பெர்ஸ்பெக்ஸைக் கண் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே பெர்ஸ்பெக்ஸால் ஆன வில்லையையும் பொறுத்துக்கொள்ளும் என்று அவர் அனுமானித்தார். இப்னு ஸீனாவின் சொல்லில் கூறுவதாயின் இது தூய கியாஸ்.

1949 நவம்பர் 29 அன்று இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 45 வயதுப் பெண்மணி ஒருவரின் கண்ணில் அவ்வில்லையைப் பொருத்தும் முயற்சியை அவர் தொடங்கினார். கியாஸ் பொய்க்கவில்லை, நெகிழியைக் கண் ஏற்றுக்கொண்டது. ஆயினும் தஜ்ரிபா, கியாஸுக்கு எட்டாத பலவற்றை வெளிப்படுத்தியது. வில்லையின் ஆற்றலைக் கணக்கிட்டதில் பிழை நேர்ந்ததால் அப்பெண்மணிக்குக் கடுமையான கிட்டப்பார்வை ஏற்பட்டது. கனமான வில்லைகள் சிலருடைய கண்ணில் இடம் பெயர்ந்தன. சிலருக்கு அழற்சியும் கண்ணழுத்தமும் உண்டாயின. 1951இல் ஆக்ஸ்ஃபோர்டு மாநாட்டில் ரிட்லி தம் அனுபவத்தை வெளியிட்டபோது, அத்துறையின் பெரியோர் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். பல்லாண்டுக் காலம் புறக்கணிப்பே அவருக்குக் கிட்டியது. இறுதியில் அவரும் தம் முதுமையில் கண்புரைக்கு ஆளாகி, தாம் உருவாக்கிய முறையாலேயே பார்வை பெற்றார். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கியது.

இவ்வரலாற்றைக் கூறுவோர் ரிட்லியை வீரராகவும் எதிர்த்தோரை மூடர்களாகவும் சித்திரிப்பதுண்டு. இது நீதியான தீர்ப்பன்று. எதிர்த்தோர் கேட்டது சான்றை. அன்று ரிட்லியிடம் இருந்ததோ சில கண்களின் அனுபவம் மட்டுமே. இரு தரப்பாருக்கும் இடையே தீர்ப்பளிக்க வல்ல முறையான ஒப்பாய்வு அப்போது நடைபெறவில்லை என்பதே உண்மையான குறை.

பிழைகளிலிருந்து பெற்ற பாடம்

பின்வந்த முப்பதாண்டுகளில் வில்லையின் வடிவமும் அதனைப் பொருத்தும் இடமும் பலமுறை மாறின. கண்ணின் முன்னறையில் வைக்கப்பட்ட சில வகைகள் காலப்போக்கில் கருவிழியைக் கெடுத்தன. கண்பாவையைச் சுற்றியுள்ள நிறத்திரையில் கவ்விப் பிடிக்கும் வகைகளும் வந்தன. முடிவில், இயற்கை வில்லையின் உறையை விட்டுவைத்து உட்பொருளை மட்டும் நீக்கி, அவ்வுறைக்குள்ளேயே செயற்கை வில்லையை அமர்த்துவது சிறந்தது என்று தெளிந்தனர். ரிட்லி தொடக்கத்தில் தேர்ந்த இடமும் கண்ணின் பின்னறையே என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்காவில் உணவு, மருந்து நிர்வாகம் 1978 முதல் இவ்வில்லைகளை ஆய்வு நிலைப் பொருளாகக் கருதி, ஒவ்வொரு நோயாளியின் விளைவும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று பணித்தது. அவ்வாறு திரண்ட தரவுகளின் அடிப்படையில் 1981இல் சில வில்லைகளுக்கு முதன்முதலாக ஒப்புதல் கிடைத்தது. அப்பெருந்தொகுப்பு, பின்வரும் புதிய வில்லைகளை நிறுத்துப் பார்க்கும் தராசாகவும் பயன்பட்டது.

ரிட்லியின் முதல் நோயாளிக்கு நேர்ந்த ஆற்றல் பிழையும் அவ்வாறே தீர்ந்தது. 1980 வாக்கில், அறுவை முடிந்த கண்களின் உண்மையான விளைவுகளைத் தொகுத்து, கண்ணின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் கொண்டு வில்லையின் ஆற்றலைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றை மூவர் வகுத்தனர். அவர்களின் பெயர் முதலெழுத்துகளால் ‘எஸ்.ஆர்.கே.’ எனப்பட்ட அச்சூத்திரம் முன்னைய நோயாளிகளின் தஜ்ரிபாவிலிருந்து பின்னையவர்களுக்கு விதி கண்டது. இன்று அறுவைக்கு முன் மருத்துவமனையில் கண்ணை ‘அளவு எடுப்பது’ இதன் வழிவந்த கணக்குகளுக்காகவே.

இதற்கிடையில் 1967இல் நியூயார்க்கின் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவரின் கேளா ஒலிக் கருவியைக் கண்டு எழுந்த எண்ணத்தால், சிறு துளை வழியே புரையை உடைத்து உறிஞ்சும் ‘ஃபேகோ’ முறையை உருவாக்கினார். அம்மார் அல்-மவ்ஸிலீயின் துளையூசி நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வதற்கில்லை. இடையில் கண்ணின் உடற்கூறு பற்றிய அறிவு முழுவதும் மாறியிருந்தது. 1980களில் மடித்து நுழைக்கத்தக்க வில்லைகள் வந்தபின், தையலின்றியே அறுவை முடியலாயிற்று.

மதுரையில் நடந்த ஒப்பாய்வு

செல்வ நாடுகளில் செயற்கை வில்லை வழக்கமாகிவிட்ட 1980களிலும் இந்தியாவின் ஏழைகளுக்குக் கிடைத்ததோ பழைய அறுவையும் தடித்த கண்ணாடியுமே. இதற்கு நிபுணர்கள் கூறிய காரணங்கள் மேலோட்டமானவை அல்ல. வெளிநாட்டு வில்லையின் விலை மிகுதி. உறையை விட்டுவைத்துச் செய்யும் அறுவைக்கு நுண்ணோக்கியும் தனிப் பயிற்சியும் தேவை. விட்டுவைத்த உறை பின்னாளில் மங்கினால், அதைத் திறக்க லேசர் கருவி வேண்டும். கிராமத்து முதியவர் திரும்பி வருவாரா? மருத்துவர்களோ குறைவு, காத்திருப்போரோ இலட்சக்கணக்கில். ஆகவே பழைய முறையே பெருவாரியான மக்களுக்கு ஏற்றது என்பது அவர்களின் வாதம். இதுவும் ஒரு கியாஸ்தான். செப்பமானது, ஆனால் சோதிக்கப்படாதது.

மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் தேசியக் கண் கழகத்தின் துணையுடன் 1990களில் இவ்வினாவை நேரடியாகச் சோதனைக்கு உட்படுத்தியது. இரு கண்களிலும் பார்வை குன்றிய, 40 முதல் 75 வயது வரையிலான 3,400 நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வில்லையை உறையோடு அகற்றித் தடித்த கண்ணாடி தரும் பழைய முறை. மற்றவருக்கு உறையை விட்டுவைத்துச் செயற்கை வில்லை பொருத்தும் முறை.

யாருக்கு எது என்பதைத் தீர்மானித்தது யார்? இங்கேதான் ஒப்பாய்வின் உயிர்நாடி உள்ளது. மருத்துவரிடம் விட்டால், நல்ல கண்களுக்குப் புதிய முறையும் கடினமான கண்களுக்குப் பழைய முறையும் போய்ச் சேரக்கூடும். நோயாளியிடம் விட்டால், வசதியும் கல்வியும் உள்ளோர் ஒரு பக்கம் சாய்வர். பின்னர் காணும் வேறுபாடு சிகிச்சையால் வந்ததா, ஆளால் வந்ததா என்று அறிய முடியாது. எனவே நோயாளியின் ஒப்புதல் பெற்ற பிறகு, சீட்டுக் குலுக்குவது போன்ற தற்செயல் முறையால் பிரிவு ஒதுக்கப்படுகிறது. எண்ணிக்கை போதிய அளவு இருந்தால், அறிந்த வேறுபாடுகளும் அறியாத வேறுபாடுகளும் இரு பக்கமும் ஏறத்தாழ சமமாகப் பரவிவிடும். அர்-ராஸீயின் குறிப்பில் இல்லாத அம்சம் இதுவே. யாரை எந்தச் சாராரில் சேர்ப்பது என்பது அங்கே மருத்துவரின் விருப்பமாக இருந்தது.

1998இல் முடிவுகள் வெளியாயின. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவிலும் பெரும்பான்மையோர் நல்ல பார்வை பெற்றிருந்தனர். எனினும் செயற்கை வில்லை பெற்றவர்களின் நிலையே மேம்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் எழுத்துப் பலகையோடு நின்றுவிடவில்லை. அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா, தனியே நடமாட முடிகிறதா, பிறரைச் சார்ந்திருக்க வேண்டியுள்ளதா என்றெல்லாம் கேட்டு, வாழ்க்கைத் தரத்தையும் அளந்தனர். அதிலும் வில்லை பெற்றவர்களே முந்தினர். மருத்துவரின் பார்வையில் வெற்றியாகத் தோன்றிய தடித்த கண்ணாடி, அதை அணிந்தவரின் வாழ்வில் முழு வெற்றியாக இருக்கவில்லை என்பது எண்களால் மெய்ப்பிக்கப்பட்டது. உறை மங்குதல் என்ற அச்சத்திற்கும் ஆய்வு இடமளித்து, அதைத் தனியே பின்தொடர்ந்து அளந்தது.

விலை என்ற தடையும் அதே ஊரில்தான் தகர்ந்தது. 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் நிறுவனம் மதுரையிலேயே வில்லைகளைத் தயாரித்து, இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கு, ஏறத்தாழ 10 டாலருக்கு வழங்கியது. 1994 முதல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் நடைபெற்ற கண்புரை ஒழிப்புத் திட்டமும் வில்லை பொருத்தும் முறைக்கு மருத்துவர்களைப் பயிற்றுவித்தது. ஏழைக்குரியது கண்ணாடி, செல்வருக்குரியது வில்லை என்ற பிரிவினை இந்நாட்டில் மறையத் தொடங்கிய காலம் அது. இரக்கம் அதற்கு ஒரு காரணம். இரக்கத்திற்குக் கை கொடுத்தது, மறுக்க இயலாத சான்று.

பிந்தைய வினாக்கள்

ஒரு வினா தீர்ந்ததும் அடுத்த வினா எழுவது ஆய்வின் இயல்பு. அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, கிருமித் தொற்று. அறுவைக்குப் பின் கண்ணின் உட்புறத்தில் தொற்று ஏற்பட்டால் பார்வை முற்றிலும் போகக்கூடும். அரிதாக நிகழும் ஒன்றைச் சோதிக்கப் பெருந்தொகையினர் தேவை. ஐரோப்பாவில் 16,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2007இல் முழுமையாக வெளியான ஒப்பாய்வு, அறுவையின் முடிவில் செஃபியூராக்சிம் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தினால் தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று காட்டியது. பின்னர் அரவிந்த் மருத்துவமனைகளில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டபோது, மாக்சிஃபிளாக்சசின் மருந்தைச் செலுத்தியவர்களிடம் தொற்று 10,000க்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. இது சீட்டுக் குலுக்கல் ஆய்வன்று, பதிவுகளின் ஆய்வு. ஆகவே சான்றின் தரவரிசையில் ஒரு படி கீழானது. எனினும் அதன் பேரெண்ணிக்கை புறக்கணிக்கத்தக்கதன்று.

இரண்டாவது, விலையுயர்ந்த கருவி தேவையா என்பது. ஃபேகோ கருவியின்றிக் கையாலேயே சிறு துளையிட்டுச் செய்யும் தையலற்ற முறை ஒன்று நேபாளத்திலும் இந்தியாவிலும் செழித்தது. நேபாளத்தில் 108 நோயாளிகளிடம் நடந்து 2007இல் வெளியான ஒப்பாய்வில் இரு முறைகளும் சிறந்த பார்வையையே அளித்தன. கைமுறைக்குச் சராசரியாக 9 நிமிடமும் ஃபேகோவுக்குப் பதினைந்தரை நிமிடமும் ஆயின. முற்றிய புரை மிகுந்த ஊர்களில் கைமுறை இரண்டாந்தரமானதன்று என்பது இதனால் தெளிவாகும்.

மூன்றாவது, அறுவைக்கு முந்தைய பரிசோதனைகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 19,000க்கும் மேற்பட்ட அறுவைகளை உட்படுத்தி 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், எல்லாருக்கும் வழக்கமாகச் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையும் இதய மின்வரைபடமும் உடல்நலச் சிக்கல்களைக் குறைக்கவில்லை. நோயாளியின் நிலை கோரும்போது மட்டும் பரிசோதிப்பதே போதுமானது என்று அது காட்டியது.

நான்காவது, லேசர். ஃபெம்டோ விநாடி லேசர் கத்தியை விடத் துல்லியமாக வெட்டும். ஆகவே பார்வையும் மேம்படும் என்பது கேட்போரைக் கவரும் கியாஸ். பிரான்சில் ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2020இல் வெளியான ஒப்பாய்வில், நோயாளிக்குத் தமக்கு எது செய்யப்பட்டது என்று தெரியாதிருக்க, லேசர் பெறாதவர்களுக்கும் போலியான லேசர் நிகழ்த்திக் காட்டப்பட்டது. முடிவில் லேசர் முறை வழக்கமான ஃபேகோவை விஞ்சவில்லை. செலவு மட்டுமே கூடியது.

ஐந்தாவது, பன்முகக் குவிய வில்லை. தூரமும் கிட்டமும் தெரியும் என்று கூறி உயர்ந்த விலைக்கு வழங்கப்படும் இவ்வில்லை, கண்ணாடியின் தேவையைக் குறைக்கிறது என்பதற்குச் சான்று உண்டு. அதே ஆய்வுகள், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றுவதும் மங்கல் பொருள்களைப் பிரித்தறியும் திறன் குறைவதும் இதில் கூடுதல் என்றும் காட்டுகின்றன. இரவில் வாகனம் ஓட்டுபவருக்கும், விழித்திரை நோய் உள்ளவருக்கும் இது ஏற்றதா என்பது விலையைக் கொண்டு தீர்மானிக்கத்தக்கதன்று.

ஆறாவது, அறுவையின் பயன் கண்ணோடு நின்றுவிடுகிறதா என்பது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 70 வயதைக் கடந்த 306 பெண்களிடம் நடந்து 2005இல் வெளியான ஒப்பாய்வில், முதற்கண்ணில் விரைந்து அறுவை பெற்றவர்கள், காத்திருந்தவர்களை விட 34 விழுக்காடு குறைவாகவே தடுக்கி விழுந்தனர். ‘வயதாகிவிட்டது, இனி எதற்குப் பார்வை?’ என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழும் முதியவரின் துயர் அறியாதார் யார்?

நம் பொறுப்பு

ஆய்வு என்றாலே ‘நம்மைச் சோதனை எலியாக்குகிறார்கள்’ என்ற அச்சம் மக்களிடையே உண்டு. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. ஒப்புதல் பெறாமல் மனிதரைச் சோதித்த கறைகள் மருத்துவ வரலாற்றில் உள்ளன. அவற்றின் விளைவாகவே 1964இல் ஹெல்சிங்கிப் பிரகடனம் எழுந்தது. இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதியும் முறை 2007இல் தொடங்கி, 2009இல் சோதனை ஆய்வுகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆய்வில் சேருமாறு அழைக்கப்படுபவர், அறக்குழு ஒப்புதல் அளித்துள்ளதா, ஆய்வு பதிவு செய்யப்பட்டுள்ளதா, விலகிக்கொண்டால் வழக்கமான சிகிச்சை தொடருமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அவர் மொழியில் விளக்கிச் சொல்லப்படாத ஒப்புதல், ஒப்புதலே ஆகாது.

நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் இலவசக் கண் முகாம்களை ஆர்வத்துடன் நடத்துகின்றன. பாராட்டத்தக்க பணி. ஆயினும் முகாமின் வெற்றியை வந்தவர்களின் எண்ணிக்கையாலும் மேடையில் வழங்கப்பட்ட சால்வைகளாலும் அளக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. பள்ளிக்கூட வகுப்பறைகளிலும் கூடாரங்களிலும் அறுவை செய்த காலத்தில் தொற்றினால் பலர் கண்ணிழந்தனர். முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, அறுவைக்கு முறையான மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே ஏற்புடைய வழி. அறுவைக்குப் பின் 6/60 அளவும் பார்க்க இயலாதோர் நூற்றுக்கு ஐவருக்கு மேல் இருத்தல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுகோல். பல நாடுகளில் வீடுவீடாகச் சென்று நடத்திய கணக்கெடுப்புகள், உண்மை நிலை இதைவிட மோசமாக இருந்ததைக் காட்டின. ஆகவே முகாம் நடத்துவோர் மருத்துவமனையிடம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: ‘ஆறு வாரம் கழித்து எத்தனை பேருக்கு எவ்வளவு பார்வை வந்தது?’ இவ்வினாவுக்கு எண்ணால் விடை கூறும் மருத்துவமனையையே தேர்ந்துகொள்ள வேண்டும். விடை கூற இயலாத இடத்திற்கு நம் முதியவர்களை அனுப்புவது அமானிதத்தைப் பேணுவதாகாது.

கியாஸ் இல்லையேல் புதிய வழி பிறவாது. ரிட்லியின் வரலாறு அதற்குச் சாட்சி. தஜ்ரிபா இல்லையேல் பிறந்த வழி நேரானதா என்று தெரியாது. லேசரின் வரலாறு அதற்குச் சாட்சி. இரண்டையும் இணைத்த இடத்தில்தான் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே வில்லை என்ற நீதி கைகூடியது. அந்நீதிக்கு வழி வகுத்தோருள் புகழ்பெற்ற மருத்துவர்கள் சிலரை நாம் அறிவோம். எந்தப் பிரிவு தமக்கு வாய்க்கும் என்று அறியாமலே ஒப்புக்கொண்டு, ஓராண்டு கழித்தும் திரும்பி வந்து, கண்ணைக் காட்டி, கேட்ட வினாக்களுக்கு விடை சொன்ன அந்த 3,400 பேரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. அவர்களுள் பாதிப்பேருக்குத் தடித்த கண்ணாடியே கிடைத்தது. பின்வந்த இலட்சக்கணக்கானோர் அதை அணிய நேராமல் போனதற்கு அவர்களும் காரணர்.